முதல் குளிர்காலத்துக்கு முன்: வீட்டையும் காரையும் தயார் செய்யும் வழி

வெயிலில் வளர்ந்தவர்கள் பனி விழும் இடத்துக்குக் குடிவந்ததும் முதலில் தேடுவது தடிமனான ஜாக்கெட்டை. தேட வேண்டியதுதான். ஆனால் ஜாக்கெட்டை நடுக் குளிர்காலத்தில்கூடக் கடைக்குப் போய் வாங்கிவிடலாம். தோட்டத்துக் குழாயில் தேங்கிய தண்ணீரை அப்போது வடிக்க முடியாது, அது கல்லாகி நின்றிருக்கும். ஜன்னல் இடுக்கில் பூச வேண்டிய பசை அந்தக் குளிரில் ஒட்டாது. டயர் மாற்றலாம் என்று போனால், முதல் பனி விழுந்த அன்றைக்கு எல்லோரும் அதே கடை வாசலில் நிற்பார்கள்.

அதனால் இங்கே வேலைகளை ஒரே ஒரு கணக்கில்தான் வரிசைப்படுத்தியிருக்கிறேன்: உறைந்தபிறகு எதைச் செய்ய முடியாதோ, அது முதலில். இலை உதிரத் தொடங்கும்போதே கையில் எடுத்தால் இரண்டு மூன்று வார இறுதிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

என் முதல் குளிர்காலத்தில் வீட்டின் பின்பக்க வெளிக்குழாயில் மாட்டியிருந்த ஹோஸைக் கழற்றாமல் விட்டுவிட்டேன். குழாயை மூடியிருந்தேன், அது போதும் என்று நினைத்தேன். குளிர்காலம் முழுக்க ஒன்றுமே தெரியவில்லை. வசந்தம் வந்து செடிக்குத் தண்ணீர் விடக் குழாயைத் திறந்தபோது ஹோஸில் தண்ணீர் மெலிதாக வந்தது. சுவருக்குள்ளே மட்டும் பாம்பு சீறுவதுபோல ஒரு சத்தம். கீழே நிலவறைக்கு ஓடிப் போய்ப் பார்த்தால் சுவர்ப் பலகையில் ஆள் உயரத்துக்குக் கறுப்பாக ஈரம் இறங்கியிருந்தது, கை வைத்தால் பலகை உள்ளே அமுங்கியது. பலகையை வெட்டிப் பார்த்தபோது செம்புக் குழாயில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். மாதக் கணக்கில் அது அங்கேயே காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

நடந்தது இதுதான். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. குழாய்க்குள் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டால், அதற்கும் மூடிய திருகுக்கும் நடுவே சிக்கிய தண்ணீருக்குப் போக இடமில்லை. கட்டி வளர வளர அந்தத் தண்ணீரில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் குழாய் எங்கே பலவீனமோ அங்கே கிழியும். கிழிந்த குழாய் உறைந்திருக்கும்வரை ஒழுகாது. உருகும்போதுதான், அல்லது திறக்கும்போதுதான், தண்ணீர் பீறிடும்.

உறையாத குழாய் என்று சொல்லி மாட்டுகிற வெளிக்குழாய்களில் அடைப்பான் சுவருக்கு உள்ளே, வெதுவெதுப்பான பக்கத்தில் இருக்கும். மூடியதும் மீதித் தண்ணீர் தானாக வெளியே வடிந்துவிடும். ஹோஸ் மாட்டியே இருந்தால் அது வடிய வழியில்லை. நான் கெடுத்தது அதைத்தான்.

ஆகவே முதல் வேலை: ஹோஸைக் கழற்றி, தண்ணீரை வடித்து, சுருட்டி உள்ளே வையுங்கள். அடுத்து, அந்த வெளிக்குழாய்க்குப் போகும் கிளைக்கு வீட்டுக்குள் தனியாக ஒரு வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை மூடிவிட்டு, வெளியே போய்க் குழாயைத் திறந்து வடியவிடுங்கள். உள்ளே வால்வின் பக்கவாட்டில் சின்ன மூடி ஒன்று இருந்தால், அடியில் ஒரு டம்ளரைப் பிடித்துக்கொண்டு அதையும் தளர்த்தினால் மிச்சச் சொச்சம் இறங்கிவிடும். பிறகு மூடியைத் திருப்பி இறுக்கிவிடுங்கள்.

இரண்டாவது, வீட்டின் மெயின் வால்வு எங்கே என்று இன்றைக்கே கண்டுபிடியுங்கள். குழாய் வெடித்த பிறகு தேடும் ஒவ்வொரு நிமிடமும் தரையில் ஏறுகிற தண்ணீர். கைப்பிடி நீளமாக இருந்தால், அது குழாயோடு ஒரே கோட்டில் இருக்கும்போது திறந்திருக்கிறது, குறுக்காகத் திருப்பினால் மூடிவிட்டது என்று பொருள். வட்டச் சக்கரமாக இருந்தால் வலப்பக்கமாகத் திருக வேண்டும். ஒரு முறை மூடித் திறந்து பாருங்கள். பல வருடம் தொடாத வால்வு இறுகிக் கிடக்கும், அது இப்போது தெரிவது நல்லது. ஒரு அட்டையில் பெயர் எழுதிக் கட்டித் தொங்கவிட்டு, வீட்டில் உள்ள எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பிள்ளைகளுக்கும்தான்.

வெளிச்சுவர் ஓரமாகவோ, காரேஜிலோ, சூடில்லாத நிலவறையிலோ ஓடும் குழாய்களுக்கு நுரை உறை போடுங்கள். நீளவாக்கில் பிளந்து வருகிற உறை அது, குழாயின் மேல் வைத்து அழுத்தினால் கவ்விக்கொள்ளும். வெளியே வெப்பம் மைனஸ் 6, 7 டிகிரி செல்சியஸுக்குக் (இங்கே டிகிரி என்பதெல்லாம் செல்சியஸ்தான்) கீழே போகும் இரவுகளில் சமையலறைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள், அறையின் சூடு குழாய்வரை போகட்டும். சுவர் ஓரக் குழாயில் நூல் மாதிரித் தண்ணீர் ஓடவிடுங்கள். ஓடுவது கொஞ்சமாக இருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏற விடாது.

சில நாட்கள் வெளியூர் போகிறீர்களா? சிக்கனம் என்று ஹீட்டரை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். தெர்மோஸ்டாட்டை 13 டிகிரிக்குக் குறையாமல் வைத்துவிட்டு, மெயின் வால்வை மூடி, குழாய்களைத் திறந்து வடித்துவிட்டுப் போங்கள். வெந்நீர் சுற்றிவந்து சூடாக்கும் முறை உள்ள வீடு, தீயணைப்புத் தெளிப்பான் உள்ள வீடு என்றால் மட்டும், மெயினை மூடலாமா என்று தெரிந்தவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஒருநாள் காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை என்று வையுங்கள். திருகைத் திறந்தபடியே விட்டு, ஹேர் டிரையரால் திருகு இருக்கும் முனையிலிருந்து பின்னோக்கிச் சூடாக்கிக்கொண்டே போங்கள். அப்போதுதான் உருகும் தண்ணீருக்கு வெளியேற வழி இருக்கும். கேஸ் டார்ச், மெழுகுவர்த்தி, எந்த நெருப்பும் வேண்டாம். சுவருக்குள் இருக்கும் மரம் பற்றிக்கொண்டால் வெளியே தெரிவதற்குள் கை மீறிவிடும். விரிசல் கண்ணில் பட்டால் முதலில் மெயினை மூடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

தண்ணீர்க் கணக்கில் இன்னும் ஒன்று, கூரை ஓரக் கால்வாய். கடைசி இலை விழுந்ததும் ஏணி வைத்து அதைத் துப்புரவாக்குங்கள். கூரையின் கீழே வெப்பக்காப்பு சரியில்லாத வீட்டில், உள்ளிருந்து கசியும் சூடு கூரைப் பனியை உருக்கும். உருகிய தண்ணீர் வழிந்து குளிர்ந்த ஓரத்துக்கு வந்ததும் மறுபடி உறைந்து அணை கட்டும். அந்த அணைக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறி உள்கூரையில் கறையாக இறங்கும். கால்வாயைத் துடைத்தால் மட்டும் இது நிற்காது, மேலே வெப்பக்காப்பைக் கூட்டுவதும் சூடு கசியும் ஓட்டைகளை அடைப்பதும்தான் நிரந்தர வழி. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதை வீட்டுக்காரரிடம் எழுத்தில் சொல்லிவைப்பது நல்லது.

காற்று புகும் இடங்கள்

காற்று பலமாக அடிக்கும் ஒரு நாளில் ஹீட்டர் விசிறியை நிறுத்திவிட்டு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்துங்கள். ஜன்னல் சட்டத்தின் நாலு ஓரத்திலும், கதவின் அடியிலும், வெளிச்சுவரில் உள்ள பிளக் பாயின்ட் பக்கத்திலும் மெதுவாகக் கொண்டுபோங்கள். திரைச்சீலையை முன்னதாக ஒதுக்கிவிடுங்கள். புகை நேராக ஏறினால் சரி. சட்டென்று அறைக்குள் பக்கமாக வளைந்தால் அங்கே ஓட்டை. ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு அடுத்த ஜன்னலுக்குப் போங்கள். வீட்டைச் சுற்றிவர ஒரு பத்தி போதும். கண்ணுக்குத் தெரியாத விரிசல்களைப் புகை காட்டிக்கொடுப்பதைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அசையாத விரிசலுக்குச் சிலிகான் பசை. அசைகிற கதவுக்கும் ஜன்னலுக்கும் ஒட்டும் நுரைப் பட்டை. கதவின் அடியில் பிரஷ் வைத்த பட்டை. பசைகளில் பலவற்றை 5 டிகிரிக்குக் கீழே பூசக் கூடாது என்று குழலிலேயே அச்சிட்டிருக்கும், அதனால்தான் இந்த வேலையை முன்கூட்டியே முடிக்கச் சொல்கிறேன்.

ஒற்றைக் கண்ணாடி ஜன்னலாக இருந்தால் பிளாஸ்டிக் படலம் நல்ல பலன் தரும். சட்டத்தைச் சுற்றி இருபக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டி, படலத்தை மேலிருந்து ஒட்டிக்கொண்டு வந்து, ஹேர் டிரையர் காட்டினால் சுருக்கம் எல்லாம் இழுபட்டு மேளத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். கண்ணாடிக்கும் படலத்துக்கும் நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. தீ விபத்து என்றால் வெளியேற வேண்டிய படுக்கையறை ஜன்னலை மட்டும் திறக்கிற மாதிரி விட்டுவையுங்கள்.

எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஈரப்பதத்தையும் கவனியுங்கள். காற்று வறண்டால் உதடு வெடிக்கும், மூக்கு எரியும். அதற்காக ஈரப்பதமூட்டியை நாள் முழுக்க ஓடவிட்டால் ஜன்னலில் தண்ணீர் கோத்து, கீழ்ச்சட்டம் ஊறி, பூஞ்சை பிடிக்கும். 30 முதல் 40 சதவீதம் போதும். வெளியே கடுங்குளிர் என்றால் அதிலும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும். காலையில் கண்ணாடியின் உள்பக்கம் வழிந்தால் அது கூடுதல் என்று அர்த்தம்.

ஹீட்டரும் அது விடும் வாயுவும்

குளிர் வருவதற்கு முன்பே ஒருநாள் ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். கோடை முழுக்கப் படிந்த தூசி கருகும் வாசனை கொஞ்ச நேரம் வரும், அது இயல்பு. போகாமல் நீடித்தால் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை தொழில்நுட்பம் தெரிந்தவர் வந்து பார்ப்பது அவசியம். சூடான காற்று வரும் முறை என்றால் வடிகட்டியை மாதம் ஒருமுறை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். ஓரத்தில் அச்சிட்ட அம்புக்குறி காற்று ஓடும் திசையில், அதாவது காற்றைச் சூடாக்கும் ஃபர்னஸை நோக்கி, இருக்க வேண்டும்.

இனி சொல்வதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். எரிவாயு, எண்ணெய், விறகு, கரி, பெட்ரோல் என எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு உருவாகும். நிறமில்லை, மணமில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று சாதாரண ஜுரம் மாதிரிதான் தொடங்கும். தூக்கத்தில் இருப்பவர்களுக்கு அதுகூடத் தெரியாது. வீட்டின் ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்குப் பக்கத்திலும் ஓர் அலாரம் வேண்டும். புகை அலாரம் இதைக் கண்டுபிடிக்காது, இது தனிக் கருவி, அல்லது இரண்டும் சேர்ந்தது என்று எழுதியிருக்க வேண்டும். அதன் முதுகில் காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள். பேட்டரி நன்றாக இருந்தாலும் உள்ளே உள்ள உணரி சில வருடங்களில் தேய்ந்துவிடும்.

மின்சாரம் போன இரவில் குளிருக்கு அஞ்சிக் கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதும், ஜெனரேட்டரைக் காரேஜில் ஓட்டுவதும் குடும்பங்களைப் பலிகொண்டிருக்கின்றன. காரேஜ் கதவு திறந்திருந்தாலும் கூடாது. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை ஜன்னல் பக்கம் திரும்பாமல் இருக்க வேண்டும். நவீன ஹீட்டர்கள் பலவற்றில் புகைக்குழாய் பக்கச் சுவர் வழியாகத் தரைக்குப் பக்கத்திலேயே வெளியே வரும், வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயாக. பெரிய பனிப்பொழிவுக்குப் பிறகு முதலில் அதைத் தோண்டி வெளியே எடுங்கள், வாசலை அப்புறம் பார்க்கலாம். அலாரம் கத்தினால் எல்லோரும் வெளியே போய்விட்டு, வெளியிலிருந்துதான் அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

சின்ன மின்சார ஹீட்டர் வைத்திருப்பவர்கள் அதைச் சுற்றி 1 மீட்டர் வெறுமையாக விடுங்கள். நேரே சுவர்ப் பிளக்கில் மாட்டுங்கள், நீட்டிப்புக் கம்பி வேண்டாம். தூங்கும்முன் அணையுங்கள்.

வாசலும் நடைபாதையும்

பனி தள்ளும் ஷவல், உப்பு, கொஞ்சம் மணல். மூன்றும் முதல் பனிக்கு முன்பே வீட்டுக்குள், கதவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பூட்டிய கொட்டகையில் வைத்தால் அந்தக் கொட்டகைக் கதவைத் திறக்கவே ஷவல் தேவைப்படும்.

பனியை அள்ளித் தூக்குவதைவிடத் தள்ளுவது நல்லது. நிறைய விழுகிறது என்றால் நின்றபிறகு மொத்தமாக அள்ளாமல் நடுநடுவே இரண்டு மூன்று தடவை தள்ளிவிடுங்கள். ஈரப் பனி கனமானது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும்போது திடீரென்று இந்தப் பாரத்தை இழுப்பது இதயத்துக்குப் பெரிய சுமை. இதய நோய் உள்ளவர்கள், வயதானவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், இதில் கூச்சப்பட எதுவுமில்லை.

சாதாரண உப்பு மைனஸ் 9, 10 டிகிரி வரைதான் உருப்படியாக வேலை செய்யும். அதற்குக் கீழே கால்சியம் குளோரைடு வேண்டும், அல்லது உப்பை விட்டுவிட்டு மணல் தூவி வழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பனியை முதலில் தள்ளிவிட்டு மிச்சமிருக்கும் மெல்லிய படலத்தின் மேல் ஒரு கைப்பிடியைப் பரவலாகத் தூவினால் போதும். குவியலாகக் கொட்டினால் சிமென்ட்டும் செடியும் நாய்க்காலும்தான் கெடும்.

காரின் டயர்

காருக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் குளிர்கால டயருக்குச் செய்யுங்கள் என்பேன். நாலு சக்கரத்தையும் என்ஜின் சுழற்றும் வண்டி என்றால் கிளம்புவதற்குத்தான் அது உதவும். நிற்பதற்கும் திரும்புவதற்கும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பர்தான் எல்லாம். கோடைக்கால டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மெத்தென்று இருந்து தரையைப் பிடிக்கும். அதனால் பனி விழும்வரை காத்திருக்க வேண்டாம், பகல் வெப்பமே 7 டிகிரிக்குக் கீழே தங்க ஆரம்பித்தால் மாற்றிவிடுங்கள். பனி விழும் பல நாடுகளில் குறிப்பிட்ட மாதங்களில் இது சட்டமாகவே இருக்கிறது, உங்கள் இடத்து விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் மூன்று முகடு கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனிச்செதில் வடிவமும் பொறித்திருக்க வேண்டும். வெறும் எம் பிளஸ் எஸ் (M+S) என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது பனியில் சோதிக்கப்பட்டது என்று பொருளில்லை. மாற்றினால் நாலையும் மாற்றுங்கள். முன்னே மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரம் பிடித்து நிற்கப் பார்க்கும், பின்பக்கம் வழுக்கிச் சுற்றிவிடும். பழைய குளிர்கால டயர் வாங்குபவர்கள் பள்ளத்தின் ஆழத்தை அளந்து பாருங்கள். 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஆழமான பனியில் அதை நம்ப முடியாது.

சக்கரத்தைக் கழற்றி மாட்டியபிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். காற்றும் குளிரில் சுருங்கும். வெப்பம் 5, 6 டிகிரி இறங்கினால் டயர் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். முதல் கடுங்குளிர்க் காலையில் டாஷ்போர்டில் டயர் விளக்கு எரிவது பெரும்பாலும் இதனால்தான். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் நிரப்புங்கள்.

பேட்டரி

கோடையில் நன்றாக இருந்த பேட்டரி குளிரில் காலைவாருவது ஏன்? உறைநிலையில் அதன் கிளப்பும் திறன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும், மைனஸ் 18 டிகிரியில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் மிஞ்சும். அதே நேரத்தில் என்ஜின் ஆயில் கெட்டியாகி, என்ஜினைச் சுற்றக் கூடுதல் பலம் கேட்கும். மூன்று வருடத்துக்கு மேல் ஆன பேட்டரியைக் குளிருக்கு முன் கடையில் கொடுத்துச் சோதியுங்கள். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தால் துலக்கி இறுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்து உங்கள் வண்டியைக் கிளப்ப உதவும் ஜம்பர் கேபிளை வாங்கி டிக்கியில் போட்டுவையுங்கள். மாட்டும் வரிசை முக்கியம்:

1. இரண்டு வண்டியையும் அணையுங்கள், உலோகம் ஒன்றையொன்று தொடக் கூடாது.
2. சிவப்பு கேபிளின் ஒரு முனையைச் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள்.
3. மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில்.
4. கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில்.
5. கறுப்பின் மறுமுனையைச் செத்த வண்டியின் என்ஜினில், பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத ஓர் உலோகப் பகுதியில். பொறி பறந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் பறக்காமல் இருக்கத்தான் இது.
6. நல்ல வண்டியைக் கிளப்பிச் சில நிமிடம் ஓடவிட்டு, மற்றதைக் கிளப்புங்கள். கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக.

சார்ஜ் இறங்கிய பேட்டரி உள்ளே உறைந்துவிடும். பக்கங்கள் உப்பியிருந்தாலோ விரிசல் தெரிந்தாலோ ஜம்பர் கேபிளோடு பக்கத்திலேயே போகாதீர்கள், அது வெடிக்கக்கூடும்.

திரவங்கள், வைப்பர், கண்ணாடி

என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கோடையில் வெறும் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருந்தால் இப்போதே சோதியுங்கள், இல்லையென்றால் வீட்டுக் குழாய்க்கு நடந்தது என்ஜினுக்கு நடக்கும். தண்ணீர் கலக்காமல் முழுக்கக் கூலன்ட் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள், கலக்காத கூலன்ட் மைனஸ் 13 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும். திறக்கும்போது என்ஜின் ஆறியிருக்கட்டும்.

கண்ணாடி கழுவும் திரவத்தையும் குளிர்கால வகைக்கு மாற்றுங்கள். உப்புச் சேறு தெறிக்கும் சாலையில் அது தீர்ந்துபோனால் எதிரே ஒன்றும் தெரியாது, ஒரு பாட்டில் உபரியாக வண்டியிலேயே இருக்கட்டும். அதில் விஷத்தன்மை உள்ள மெத்தனால் இருப்பதுண்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தொட்டியில் எப்போதும் பாதிக்கு மேல் எரிபொருள் வைத்திருப்பதும் பழக்கமாகட்டும். எங்காவது பனியில் மாட்டிக்கொண்டால் அதுதான் உங்கள் ஹீட்டர். மின்சாரக் காரில் குளிரில் ஓடும் தூரம் கணிசமாகக் குறையும், அதனால் சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே உள்ளே சூடாக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

பனி வரும் என்று சொன்ன இரவில் வைப்பரை அணைத்துவிட்டு வண்டியை நிறுத்துங்கள், வைப்பரின் கைகளைக் கண்ணாடியிலிருந்து தூக்கி வையுங்கள். காலையில் கண்ணாடியில் ஒட்டிய பனிக்கட்டி மேல் வெந்நீர் ஊற்றவே கூடாது. கண்ணாடி விரிசல் விடும், ஊற்றிய தண்ணீரும் திரும்ப உறையும். ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள், உள்ளே சூடான காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, ஏசியையும் சேர்த்துப் போடுங்கள். குளிரில் ஏசியா என்று தோன்றும். ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும், உள்பக்க மூடுபனி சீக்கிரம் கலையும். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்திருக்க வேண்டும். கதவு ரப்பர்களில் சிலிகான் மசகு (ஜன்னலுக்குப் பூசும் பசை அல்ல) தடவிவைத்தால் காலையில் கதவு ஒட்டிக்கொள்ளாது.

டிக்கியில்: சின்ன ஷவல், போர்வை, உபரி கையுறை, டார்ச், மணல் ஒரு பை, போன் சார்ஜர், குடிதண்ணீர், கெட்டுப்போகாத தின்பண்டம்.

முதல் பனி நாளில்

வண்டியின் எல்லாக் கண்ணாடியும், எல்லா விளக்கும், கூரையும் துடைத்தபிறகே கிளம்புங்கள். கூரையில் விட்ட பனி முதல் பிரேக்கில் மொத்தமாக முன்கண்ணாடியில் சரிந்து உங்கள் பார்வையை மூடும், அல்லது பின்னால் வருபவர் மேல் பலகையாகப் பறந்து விழும்.

பனிக்கட்டிமேல் வண்டி நிற்க, காய்ந்த சாலையில் ஆகும் தூரத்தைப்போல 10 மடங்குவரை ஆகலாம். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் 8 முதல் 10 விநாடி இடைவெளி விடுங்கள். பாலங்கள் சாலைக்கு முன்பே உறையும், கீழேயும் காற்று அடிப்பதால். ஈரம் மாதிரித் தெரியும், உண்மையில் கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி. வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைக்கும் குரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அவசரமாக நிறுத்த பிரேக்கை முழுக்க மிதித்துப் பிடியுங்கள், காலடியில் கடகடவென்று அதிர்ந்தாலும் விடாதீர்கள், அது தன் வேலையைச் செய்கிறது. வண்டி வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய பக்கத்தைப் பார்த்து அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். இதையெல்லாம் ஓர் ஆளில்லாத பெரிய பார்க்கிங் மைதானத்தில், அதற்கு அனுமதி உள்ள இடத்தில், மெதுவான வேகத்தில் ஒரு மணி நேரம் பழகிப் பாருங்கள். பிரேக் மிதித்தும் வண்டி போய்க்கொண்டே இருக்கும் அந்த உணர்வு முதன்முதலாக நெரிசலான சாலையில் வரக் கூடாது.

புயலில் வழியில் மாட்டிக்கொண்டால் உதவி வரும்வரை வண்டியிலேயே இருங்கள். பனி வீசும்போது நடந்து போனால் நாலு அடியில் திசை தெரியாது, தேடி வருபவர்களுக்கு ஆளைவிடக் காரைக் கண்டுபிடிப்பது சுலபம். என்ஜினை ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கில் ஓட்டி உள்ளே சூடாக்கிக்கொள்ளுங்கள். காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கிவையுங்கள். ஒவ்வொரு தடவை என்ஜினைக் கிளப்பும் முன்பும் இறங்கிப் போய், சைலன்சர் குழாயைப் பனி மூடியிருந்தால் கையாலாவது தோண்டித் திறந்துவிட்டு வந்து உட்காருங்கள்.